ஞாயிற்றுக்கிழமை பிடிபட்ட மீன்

"வேலையில் மிகச் சிறந்தவர். தலைமைப் பண்பை வளர்த்துக்கொள்ள வேண்டும்."

என்னுடைய வருடாந்தர மதிப்பீட்டு அறிக்கையில் நாராயணபெருமாள் சார் எழுதுவது இவ்வளவுதான். ஐந்து வருடமாக இதே இரண்டு வாக்கியம், இதே பச்சை மை. ஒரு புளியங்கன்றை நட்டிருந்தால்கூட இதற்குள் ஆள் உயரம் வளர்ந்திருக்கும், என் தலைமைப் பண்பு மட்டும் எப்படி சார் முளைக்கவே இல்லை என்று ஒருநாள் கேட்டும் விட்டேன். சிரித்தார். அவர் எதற்கும் சிரிப்பார். அந்தச் சிரிப்பைக் கண்டால் எனக்கு உள்ளங்காலிலிருந்து எரியும்.

என் பெயர் ஷிபா. கடியப்பட்டணத்துக்காரி. எங்கள் ஊரிலிருந்து ஏழு கிலோமீட்டரில் இருக்கும் ஒரு சிறிய மீன்வள ஆய்வு நிலையத்தில் 2003இல் விஞ்ஞானியாகச் சேர்ந்தேன். நாராயணபெருமாள் சார்தான் நிலையப் பொறுப்பாளர். 2014 ஜூன் முப்பதாம் தேதி அவர் ஓய்வு பெற வேண்டும். அடுத்த மூப்பு நான்தான். எனக்குப் பிறகு முருகதாஸ், அவர் வந்து நான்கு வருடம். அதற்கும் பிறகு சுபிதா, அவள் வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஆக அந்த நாற்காலி யாருக்கு என்பதில் ஒரு குழப்பமும் இல்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். புத்தி கெட்டவள்.

நிலையத்தின் முக்கிய வேலை, கரை ஊர்களில் மாதம் எவ்வளவு மீன் பிடிபடுகிறது என்று கணக்கிடுவது. எல்லா நாளும் போய் எண்ண முடியாது. மாதத்தில் எட்டுப் பத்து நாள் கரையில் நின்று, வள்ளங்கள் வந்து இறக்கும் மீனை அளந்து, ஒருநாள் சராசரி எடுத்து, அதை நாட்களால் பெருக்க வேண்டும். அந்தக் கரையில் நிற்க ஊர்க் கமிட்டியின் சம்மதம் வேண்டும். ஞாயிறு பூசை முடிந்ததும் மாதா கோயில் வளாகத்தில் கமிட்டி கூடும். ஆண்கள் நாற்காலியில் இருப்பார்கள். எங்கள் சாருக்கும் ஒரு நாற்காலி போடுவார்கள். நான் அவர் முதுகுக்குப் பின்னால் நிற்பேன். கமிட்டி எதையாவது கேட்டால் நான் குனிந்து சாரின் காதில் பதிலைச் சொல்வேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு அதை ஊருக்குச் சொல்வார். பதினொரு வருடம் இப்படித்தான் அவர் தலைமை தாங்கினார்.

ஜூன் இருபத்து நான்காம் தேதி, செவ்வாய்க்கிழமை சாயங்காலம், நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பும்போது சார் ஒரு காகிதத்தை நீட்டினார். பெண் விஞ்ஞானிகளுக்கான தலைமைத்திறன் பயிற்சி, கன்னியாகுமரியில், மறுநாள் காலையிலிருந்து மூன்று நாள். கடிதத்தின் தேதி ஜூன் ஐந்து. கிட்டத்தட்ட இருபது நாள் அவர் மேசைக்குள் கிடந்திருக்கிறது.

"நாளைக்கா சார்? மே மாச அறிக்கை இன்னும் முடியலியே."

"அத முருகதாஸ் பாத்துக்கிடுவான். நீ போயிட்டு வா. ஒனக்கு நல்லதுக்குத்தானே சொல்லுதேன். அடுத்து நீதானே எல்லாம் பாக்கணும்."

அடுத்து நீதானே என்ற வார்த்தையில் நான் உச்சி குளிர்ந்துபோனேன். எனக்கே காது குத்தியிருக்கிறார், நானும் தோடு வாங்கப் போகிறவள் மாதிரி தலையாட்டிவிட்டு வந்தேன்.

கன்னியாகுமரியில் கடலைப் பார்த்த ஒரு ஹோட்டல். இருபத்திரண்டு பெண்கள். நெல், வாழை, ரப்பர், தேனீ என்று ஆளுக்கொரு துறை. பயிற்சி நடத்தியவர் சென்னையிலிருந்து வந்த ஓர் அம்மா. நல்ல மனுஷிதான், அவரைக் குறை சொல்ல மாட்டேன். நிமிர்ந்து உட்காரச் சொன்னார். குரலை உயர்த்திப் பேசப் பழகச் சொன்னார். கரையில் நின்று கூப்பிட்டால் அலைக்கு அந்தப் பக்கம் வள்ளத்தில் இருக்கிறவன் திரும்பிப் பார்க்கிற குரல் எனக்கு. அதை உயர்த்த அங்கே யாருக்கும் வேலை இருக்கவில்லை.

முதல் நாள் மத்தியானம் ஆளுக்கொரு தாளைக் கொடுத்து, "நீங்கள் முன்னேறவிடாமல் உங்களைத் தடுப்பது எது என்று எழுதுங்கள்" என்றார். பயம், தயக்கம், பிள்ளைகள் படிப்பு என்று எல்லாரும் எழுதினார்கள். நான் 'நாராயணபெருமாள்' என்று எழுதினேன்.

அவர் அதை வாசித்துவிட்டு என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார். "ஆள் பெயரை எழுதக் கூடாது ஷிபா. உங்களுக்கு உள்ளே இருக்கிற தடையை எழுதணும்."

"உள்ளே ஒண்ணும் இல்ல மேடம். தடையெல்லாம் வெளியத்தான் இருக்கு."

எனக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்த சண்முகவடிவு நெல் ஆராய்ச்சிக்காரி, என் வயதுதான். அவள் தன் தாளை மடித்துக்கொண்டே, "எனக்கு ஒரு தாளு பத்தாது, பேரு நெறய இருக்கு" என்றாள். அன்றிலிருந்து மூன்று வேளைச் சாப்பாடும் நாங்கள் ஒரே மேசையில்தான்.

இரண்டாம் நாள் தேநீர் வேளையில் சுபிதா போனில் கூப்பிட்டாள். அவள் குரலே சரியில்லை.

"அக்கா, இயக்குநரும் வேற ரெண்டு பேரும் தலைமையகத்துலேந்து வந்திருந்தாவ. இப்பத்தான் போறாவ. முருகதாஸ் சாருக்குப் பொறுப்பு குடுத்தாச்சு. செவ்வாய்க்கிழமைலேந்து அவருதான்."

"என்னட்டி சொல்லுதே. நான் ஒருத்தி இருக்கேன்லா?"

"இயக்குநரு அதத்தான் கேட்டாரு அக்கா. ஷிபாதானே சீனியர்னு. அதுக்கு நம்ம சாரு, நல்ல பிள்ளதான், ஆனா கரை ஊருக் கமிட்டியில பொம்பளைய ஏத்துக்கிட மாட்டாவன்னு சொன்னாரு. அதோட, இப்பம் அவ தலைமைப் பயிற்சிக்குப் போயிருக்கா, இன்னும் பயிற்சி தேவைப்படுத நெலமையிலதான் இருக்கான்னாரு."

பயிற்சிக்கு அனுப்பியவரும் அவரே. பயிற்சிக்குப் போனதால் நான் லாயக்கில்லை என்று சொன்னவரும் அவரே. இப்படி ஒரு யோசனை வர, அந்த மனுஷனுக்கு எத்தனை நாள் தூக்கம் கெட்டிருக்கும் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஆச்சரியம் அரை நிமிஷம். பிறகு வந்தது கோபம்தான்.

"இன்னொண்ணும் அக்கா. மே மாச அறிக்கைய முருகதாஸ் சார் படம் போட்டுக் காட்டினாரு. போன மே மாசத்தவிட மீன் பதினஞ்சு சதவீதம் கூடுதலாம். இயக்குநருக்கு ஒரே சந்தோஷம்."

பதினைந்து சதவீதமா? மே மாதம் நான் கரையில் நின்று அளந்திருக்கிறேன். போன வருடத்துக்கும் இந்த வருடத்துக்கும் ஒரு கூடை மீன் வித்தியாசம் வராது. பேனாவை எடுத்து, அங்கேயிருந்த கை துடைக்கும் தாளில் கணக்குப் போட்டேன். முப்பத்தொன்றை இருபத்தேழால் வகுத்தால் கிட்டத்தட்ட பதினைந்து சதவீதம் கூடுதல் வருகிறது. விஷயம் பிடிபட்டுவிட்டது.

தலைமையகம் அச்சடித்துத் தரும் படிவத்தில் 'நாட்கள்' என்று ஒரு கட்டம் உண்டு. முருகதாஸ் அதில் முப்பத்தொன்று என்று நிரப்பியிருக்கிறார். எங்கள் கத்தோலிக்கக் கரை ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை வள்ளம் கடலில் இறங்காது. பூசை நாள். மீறி இறக்கினால் ஊர் தெண்டம் போடும். மே மாதத்தில் நான்கு ஞாயிறு. பதினொரு வருடமாக ஒவ்வொரு மாதமும் அந்தக் கட்டத்தில் ஞாயிறுகளைக் கழித்து எழுதியது நான். அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டது சார். முருகதாஸ் வீடு கடலிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர்தான், ஆனால் சுத்த சைவம். ஆய்வகத்தில் மீனின் செவுளைக் கண்ணாடிக்கடியில் வைத்துப் பார்ப்பாரே தவிர, சந்தையில் ஒரு மீனைத் தொட்டு விலை கேட்டிருக்க மாட்டார். கேட்டிருந்தால், ஞாயிற்றுக்கிழமை வருவது ஐஸ் மீன் என்று எந்த மீன்காரியும் சொல்லிக்கொடுத்திருப்பாள்.

நான் போட்ட கணக்கை சண்முகவடிவிடம் காட்டினேன். நடந்ததையும் சொன்னேன். அவள் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. "நாளைக்கு நிறைவு விழாவுல சான்றிதழ் குடுக்க யாரு வாறான்னு தெரியுமா? ஒங்க இயக்குநருதான். நன்றியுரை எனக்குத் தந்திருக்காவ. எனக்கு நாளைக்குத் தொண்டை கட்டிரும். நீ பேசிரு" என்றாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் இயக்குநர் வந்தார். மெதுவாகப் பேசுகிற மனிதர். பெண்கள் தலைமைக்கு வர வேண்டும், அறிவியலுக்கு அது அவசியம் என்று இருபது நிமிடம் பேசினார். "நேற்று இந்த மாவட்டத்திலேயே ஒரு நிலையத்துக்குப் போயிருந்தேன், மீன்பிடி பதினைந்து சதவீதம் உயர்ந்திருக்கிறது, நல்ல செய்தி" என்று அவரே எடுத்தும் கொடுத்தார். என் பெயரைக் கூப்பிட்டார்கள். போய் மைக்கைப் பிடித்தேன்.

"முதல் நன்றி இயக்குநர் அவர்களுக்கு. மூன்று நாளாக நான் இங்கே உட்கார்ந்து தலைமை தாங்கக் கற்றுக்கொண்டிருந்தேன். நேற்று அவர் என் நிலையத்துக்குப் போய், ஏழு வருடம் இளையவர் ஒருவரிடம் அந்தத் தலைமையைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். எனக்கு வேலை மிச்சம்."

சிலர் சிரித்தார்கள். சிலர் சிரிக்கலாமா என்று பக்கத்தில் பார்த்தார்கள்.

"அந்தப் பதினைந்து சதவீத மீன் எந்தக் கிழமையில் பிடித்தது என்று சார் கேட்டீர்களா? ஞாயிற்றுக்கிழமை பிடித்தது. கடியப்பட்டணத்திலும் பக்கத்துக் கரைகளிலும் மே மாதத்து நான்கு ஞாயிறும் வள்ளம் கடலுக்குப் போனதாக உங்கள் கையில் அறிக்கை இருக்கிறது."

கதவோரம் தேநீர்க் கெண்டியோடு நின்ற ஹோட்டல் ஊழியர் வாய்விட்டுச் சிரித்தார். எங்கள் ஊரில் பெண் கட்டியவர். அவர் சிரித்த பிறகு, உள்ளூர்ப் பெண்கள் ஏழெட்டுப் பேரும் அடக்க முடியாமல் சிரித்துவிட்டார்கள். "இந்தத் தப்பைப் பதினொரு வருடமாகத் திருத்தியவள் இங்கே பயிற்சியில் இருந்ததால், அது தப்பாகவே உங்களிடம் வந்து சேர்ந்திருக்கிறது. வணக்கம்" என்று சொல்லி இறங்கினேன்.

இயக்குநர் முகம் கறுக்கும் என்று எதிர்பார்த்தேன். அவர் எழுந்துவந்து மைக்கை வாங்கினார். "பார்த்தீர்களா, மூன்றே நாளில் எவ்வளவு தைரியம் வந்துவிட்டது. இதுதான் இந்தப் பயிற்சியின் வெற்றி" என்றார். அரங்கம் கைதட்டியது. நான் கல்லை எறிந்தேன், அவர் அதைப் பொறுக்கி மாலையில் கோத்துத் தன் கழுத்திலேயே போட்டுக்கொண்டார்.

திங்கள்கிழமை சாரின் வழியனுப்பு விழா. சால்வை, சந்தன மாலை, வடை, காபி. கிளம்பும்போது என்னிடம் வந்து, "இப்பிடி சபையில வச்சுப் பேசலாமா ஷிபா? நான் ஒன் நல்லதுக்குத்தானே செஞ்சேன்" என்றார்.

"எனக்கு நல்லது செஞ்சது போதும் சார். வீட்டுல போயி அங்க உள்ளவியளுக்குச் செய்யுங்க" என்றேன். அன்று அவர் சிரிக்கவில்லை. அந்த மட்டுக்கும் ஒரு திருப்தி.

மறுநாள் புதுப் பொறுப்பாளர் முருகதாஸ் என் மேசைக்கு வந்தார். "அக்கா, தலைமையகத்துலேந்து கேட்டிருக்காவ. அந்த மே மாச அறிக்கைய மட்டும் ஒண்ணு திருத்தித் தந்திருங்க. நான் கையெழுத்துப் போட்டு அனுப்பிருதேன்."

பதினொரு வருடம் முடிந்து அடுத்த பதினொரு வருடம் தொடங்குவது எனக்குக் கண்முன்னால் தெரிந்தது. "நீங்கதான் பொறுப்பாளர். ஞாயித்துக்கிழம கமிட்டிக்குப் போவீங்கல்லா, அங்கேயே கேட்டுத் திருத்துங்க" என்றேன்.

"நீங்களும் வாங்க அக்கா."

"வாறேன்."

ஜூலை ஆறாம் தேதி பூசை முடிந்து கமிட்டி கூடியது. முருகதாஸுக்கு நாற்காலி போட்டார்கள். நான் வழக்கம்போலப் பின்னால் நின்றேன். கமிட்டிச் செயலாளர் மரியஜான், இரண்டு வள்ளத்துக்குச் சொந்தக்காரர், பேச்சை ஆரம்பித்தார்.

"சாரே, மே மாசம் நாலு ஞாயித்துக்கிழமையும் நாங்க மீன் பிடிச்சோம்னு மேல எழுதிக் குடுத்திருக்கியளாம். ஹோட்டல்ல வேல செய்யுத நம்ம மருமொவன் வந்து சொன்னான். எந்த வள்ளம் போச்சுன்னு சொல்லும். தெண்டம் போடணும்லா."

முருகதாஸ் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். சாரும் இப்படித்தான் திரும்புவார். என் முதுகு தானாக வளையப் பார்த்தது, பதில் நாக்கு நுனியில் வந்து நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தேன். முருகதாஸின் கழுத்தில் வியர்வை இறங்குவது எனக்குத் தெரிந்தது.

கடைசியில் அவர் சொன்னார். "எனக்குத் தெரியாதுங்க. ஞாயித்துக்கிழம போக மாட்டியன்னு தெரியாது. ஷிபா அக்காவுக்குத்தான் தெரியும்."

"பெறவு அவள பேசச் சொல்லும். நீரு எதுக்கு இடையில?"

"கமிட்டியில பெண்கள ஏத்துக்கிட மாட்டியன்னு நாராயணபெருமாள் சார் சொன்னாரு."

மரியஜான் சுற்றியிருந்தவர்களைப் பார்த்தார். "நாங்க எப்பம் வேண்டாம்னோம்? எங்ககிட்ட யாரு கேட்டா?"

அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. முருகதாஸின் நாற்காலியைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்தேன்.

"மரியஜான் அண்ணே, நீங்க நல்லவரு மாதிரி பேசாதீங்க. பதினோரு வருஷமா நான் அந்த மனுஷன் முதுகுக்குப் பின்னால நிக்கது ஒங்க யாரு கண்ணுலயும் படலியா? அவரு காதுல நான் சொல்லி, அத அவரு ஒங்களுக்குச் சொன்னது தெரியாதா? மாசமா இருந்தப்பவும் நின்னேன். ஒம்பது மாசம் வயித்தத் தள்ளிக்கிட்டு நின்னேன். ஒருத்தராவது இரிட்டி, ஒக்காருன்னு ஒரு வார்த்த சொன்னியளா? வேண்டாம்னு அவரு சொன்னாரு, வான்னு நீங்க சொல்லல. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

மரியஜான் தன் வேட்டி நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, தன்னுடைய நாற்காலியையே தூக்கி என் பக்கம் போட்டார். உட்கார்ந்தேன். உட்கார்ந்ததால் கோபம் ஆறிவிடவில்லை. ஆனாலும் வேலை இருந்தது.

"எந்த வள்ளமும் போகல. படிவத்துல நாள தப்பா எழுதியிருக்கு. நான் திருத்தி, என் பேருல, என் கையெழுத்துல அனுப்புதேன். அடுத்த மாசம் எந்தெந்த நாள் கரைக்கு வருவேன்னு இப்பமே சொல்லுதேன், குறிச்சுக்கிடுங்க" என்றேன். குறித்துக்கொண்டார்கள்.

திரும்பி வரும்போது முருகதாஸ் வண்டியை ஓட்டியபடியே, "நான் எழுதிக் குடுத்துருதேன் அக்கா, எனக்கு இது ஒத்துவராது. ஆய்வகத்துலயே இருந்துக்கிடுதேன்" என்றார். அன்றே தலைமையகத்துக்கு எழுதினார். கரை ஊர்களைப் பற்றித் தனக்கு ஒன்றும் தெரியாதென்றும், ஷிபாவே பொருத்தமானவர் என்றும் அதில் இருந்தது. அவர்மேல் எனக்குக் கோபம் குறைவுதான். தெரியாது என்று சொல்ல அந்த மனிதருக்காவது வாய் வந்ததே. திருத்திய அறிக்கையை நான் என் கையெழுத்தில் அனுப்பினேன்.

ஆகஸ்ட் இரண்டாம் வாரம் ஆணை வந்தது. சுபிதா உறையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள். வாசித்தேன்.

"கன்னியாகுமரியில் ஜூன் மாதம் நடந்த மூன்று நாள் தலைமைத்திறன் பயிற்சியை வெற்றிகரமாக முடித்து, அதன்மூலம் தேவையான தலைமைப் பண்பைப் பெற்றுவிட்டபடியால், திருமதி ஷிபா நிலையப் பொறுப்பாளராக நியமிக்கப்படுகிறார்."

இரண்டாம் முறையும் வாசித்தேன். பதினொரு வருடம் எங்கே போயிற்று என்று காகிதத்தைத் திருப்பிக்கூடப் பார்த்தேன். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. ஜூன் இருபத்து நான்குவரை நான் ஒன்றும் தெரியாதவள், இருபத்தேழாம் தேதி சாயங்காலம் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது, அதுவும் அவர்கள் தந்த தேநீரையும் பிஸ்கட்டையும் தின்று. எனக்கு அழுகை வந்தது. கோபத்தில் வந்த அழுகை.

"சவத்த விடுங்க அக்கா, நாற்காலி கிடைச்சாச்சுல்லா" என்றாள் சுபிதா.

"விட மாட்டேன். நான் இத விட்டா, நாளைக்கு ஒன் முறை வரும்போ ஒன்னையும் மூணு நாளு எங்கயாவது கொண்டு இருத்திட்டு, நாங்கதான் ஒன்ன ஆளாக்கினோம்னு எழுதுவாவ."

ஆணையைப் பெற்றுக்கொண்டதற்கு ஒப்புதல் நகல் ஒன்றில் கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். அதில் எழுதினேன். 'பொறுப்பை ஏற்றுக்கொள்கிறேன். காரணத்தை ஏற்றுக்கொள்ளவில்லை. இந்த நிலையத்தின் வேலையை நான் 2003 முதல் நடத்திவருகிறேன் என்று திருத்தி, வேறு ஆணை அனுப்பவும்.' கீழே கையெழுத்துப் போட்டு, அன்றைய தபாலிலேயே சேர்த்தேன்.

நான்காம் நாள் தலைமையகத்திலிருந்து ஒரு எழுத்தர் போனில் வந்தார். "மேடம், ஒப்புதல் நகல்ல கையெழுத்து மட்டும்தான் போடணும். இப்படியெல்லாம் எழுதக் கூடாது. வேற நகல் அனுப்புறேன், கையெழுத்து மட்டும் போட்டு அனுப்பிடுங்க."

"வேற நகல் வேண்டாம். வேற ஆணை அனுப்புங்க. போடுதேன்."

"அதுக்கு மேலே எல்லாரும் பார்த்து முடிவு பண்ணணும் மேடம். மாசக்கணக்குல ஆகும். அதுவரைக்கும் உங்க நிலையத்துக்கு யாரு பொறுப்புன்னு நான் எழுதுறது?"

"இதுவரைக்கும் நடத்துனது யாரோ அவதான்" என்று சொல்லி போனை வைத்தேன்.